370 வாட் சுவிட்சில் 114 வாட்தான் செலவாகிறது. ஆனாலும் கடைசிக் கேமராவுக்கு மின்சாரம் மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தையும் அதை ஒட்டிய கிடங்கையும் இணைக்கும் வலையமைப்பை நான் பராமரித்து வருகிறேன். அண்மையில் ஈதர்நெட் கம்பி வழியாகவே மின்சாரமும் வழங்கும் பி.ஓ.இ. வசதி கொண்ட 24 போர்ட் சுவிட்ச் ஒன்றை நிறுவினோம். 802.3 ஏடி என்ற பி.ஓ.இ. தரத்தைச் சேர்ந்த அதன் மொத்த பி.ஓ.இ. மின்பட்ஜெட் 370 வாட்.

அதில் இணைக்க வேண்டிய கருவிகள் 22. அகச்சிவப்பு விளக்குடன் கூடிய நிலையான கேமராக்கள் 12, சுழலும் பி.டி.இசட். கேமராக்கள் 2, வைஃபை அக்சஸ் பாயிண்டுகள் 4, மேசை ஐ.பி. தொலைபேசிகள் 4. தரவுத்தாள்களில் உள்ள உச்ச மின்தேவையை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நிலையான கேமராவுக்கு 9.5 வாட், பி.டி.இசட். கேமராவுக்கு 24, அக்சஸ் பாயிண்டுக்கு 21, தொலைபேசிக்கு 6 என்று வைத்தால் மொத்தம் 270 வாட் வருகிறது. நூறு வாட் மிச்சம் இருக்கிறதே என்ற நிம்மதியில் எல்லாவற்றையும் இணைத்தேன்.

கேமராக்கள், அக்சஸ் பாயிண்டுகள், தொலைபேசிகள், முதல் பி.டி.இசட். கேமரா ஆகிய அனைத்தும் சிக்கலின்றி இயங்கின. கடைசியாகச் செருகிய இரண்டாவது பி.டி.இசட். கேமராவுக்கு மட்டும் மின்சாரம் கிடைக்கவில்லை. மேலாண்மைத் திரையில் அந்த போர்ட்டுக்கு எதிரே ‘மின்சாரம் மறுக்கப்பட்டது’ என்ற நிலை தெரிகிறது. ஆனால் அதே திரையின் மேற்பகுதியில், தற்போதைய மொத்தப் பயன்பாடு 114 வாட் என்றும் காட்டுகிறது. கேமராவில் பழுதோ என்று எண்ணி வேறொரு போர்ட்டில் செருகினேன், கம்பியையும் மாற்றினேன், பலன் இல்லை. ஓர் அக்சஸ் பாயிண்டைக் கழற்றியதும் கேமரா உடனே உயிர்பெற்றது. பிறகு அந்த அக்சஸ் பாயிண்டை மீண்டும் செருகினால், இம்முறை அதற்கு மின்சாரம் மறுக்கப்படுகிறது.

சுவிட்ச் பழுதானதா, அல்லது நான் கணக்கிட்ட முறை தவறானதா? 740 வாட் வழங்கும் பெரிய சுவிட்சை வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்று விற்பனையாளர் கூறுகிறார். காரணம் புரியாமல் வாங்க மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. சுவிட்சில் பழுது இல்லை. நீங்கள் கூட்டிய தொகையும் சுவிட்ச் கூட்டும் தொகையும் வெவ்வேறானவை என்பதே சிக்கல். எந்தக் கருவியைக் கடைசியாகச் செருகினாலும் அதற்கே மறுப்பு வருகிறது என்று நீங்கள் கண்டறிந்தது மிக நல்ல தடயம். குறை கருவியில் இல்லை, வரிசையின் முடிவில்தான் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

ஒரு கருவியைச் செருகியவுடன் சுவிட்ச் முதலில் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்தி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த அடையாளம் இருந்தால்தான் அது பி.ஓ.இ. கருவி என்று ஏற்றுக்கொள்ளும். அடுத்த கட்டத்தில் கருவி, தனக்கு எவ்வளவு மின்சாரம் வரை தேவைப்படலாம் என்பதைக் குறிக்கும் வகுப்பு எண்ணைத் தெரிவிக்கும். சுவிட்ச் தன் பட்ஜெட்டிலிருந்து எடுத்து வைப்பது அந்த வகுப்புக்குரிய முழுத் தொகையை. கருவி உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை அந்த நேரத்தில் அது பொருட்படுத்துவதில்லை. திருமண மண்டபத்தில் ஒரு குடும்பத்துக்கென்று ஒரு மேசையை ஒதுக்கிவிட்டால், வந்தவர்கள் மூவரே ஆனாலும் மற்ற இருக்கைகளில் வேறு யாரையும் அமர்த்த முடியாதல்லவா, அதைப் போன்றது இது.

முதல் வகுப்புக்கு 4 வாட், இரண்டாம் வகுப்புக்கு 7, மூன்றாம் வகுப்புக்கு 15.4, நான்காம் வகுப்புக்கு 30 வாட் என்பது சுவிட்ச் முனையில் ஒதுக்கப்படும் அளவு. வகுப்பைத் தெரிவிக்காத கருவி பூச்சிய வகுப்பாகக் கொள்ளப்பட்டு, அதற்கும் 15.4 வாட் ஒதுக்கப்படும். கருவி முனையில் இவற்றின் உச்சவரம்பு முறையே 3.84, 6.49, 12.95, 25.5 வாட். உங்கள் நிலையான கேமராவின் தேவை 9.5 வாட், அது 6.49-ஐத் தாண்டிவிடுவதால் மூன்றாம் வகுப்பில் விழுகிறது. ஆகவே அதற்கு 15.4 வாட் ஒதுக்கப்படுகிறது. ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 6 வாட் வீணாக முடங்குகிறது என்றால், பன்னிரண்டுக்கும் சேர்த்து 70 வாட் முடங்குகிறது.

இப்போது சுவிட்சின் கணக்கைப் பார்ப்போம். 12 கேமராக்களுக்கு 184.8, நான்கு அக்சஸ் பாயிண்டுகளுக்கு 120, நான்கு தொலைபேசிகளுக்கு 28, முதல் பி.டி.இசட். கேமராவுக்கு 30, ஆக மொத்தம் 362.8 வாட். மீதம் 7.2 வாட். இன்னும் ஒரு தொலைபேசியைச் செருகியிருந்தால் அது இயங்கியிருக்கும், ஆனால் 30 வாட் கேட்கும் கருவிக்கு இடமில்லை. இருபத்திரண்டு கருவிகளுக்கும் சேர்த்து வேண்டிய ஒதுக்கீடு 392.8 வாட். நீங்கள் 22.8 வாட் அளவுக்குத்தான் வரம்பை மீறுகிறீர்கள். அதற்காக இன்னும் 370 வாட் வாங்குவது தேவையற்றது என்பதே என் கருத்து.

வழிகள் மூன்று உண்டு. பல சுவிட்சுகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நாமே ஒரு வாட் வரம்பை நிர்ணயிக்கலாம். அவ்வாறு செய்தால் சுவிட்ச் வகுப்புத் தொகையை விட்டுவிட்டு அந்த வரம்பையே ஒதுக்கீடாக எடுத்துக்கொள்ளும். கேமராவின் 9.5 வாட்டுடன் நீண்ட கம்பியில் ஏற்படும் இழப்பாக அரை வாட்டைச் சேர்த்து, மேலும் ஒரு வாட்டைக் காப்பாக வைத்து, 11 வாட் என்று அமைத்தால் பன்னிரண்டு கேமராக்களுக்கு 132 வாட் போதும். மொத்த ஒதுக்கீடு 340 வாட்டுக்கு இறங்கிவிடும். இரண்டாவது வழி எல்.எல்.டி.பி. நெறிமுறை வழியான பேச்சுவார்த்தை. கருவி தனக்கு வேண்டிய மின்சாரத்தை 0.1 வாட் துல்லியத்தில் சுவிட்சிடம் கேட்டுப் பெறுகிறது. உங்கள் அக்சஸ் பாயிண்டுகள் இதைச் செய்யக்கூடியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்சில் அந்த வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வழி, ஒதுக்கீட்டு முறையையே ‘உண்மைப் பயன்பாட்டின்படி’ என்று மாற்றுவது. திரையில் 114 வாட் என்று காட்டும் நிலையில் இதுவே எளிய தீர்வு. ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

மறுமொழி 2

முந்தைய நண்பரின் விளக்கம் முழுவதும் சரி. அவருடைய மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அந்த எளிய தீர்வுக்கு நான் ஏறத்தாழ இரண்டு மாதங்களை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு கிடங்கில் 195 வாட் பட்ஜெட் கொண்ட சுவிட்சில் 16 கேமராக்களை இணைத்திருந்தேன். எல்லாம் மூன்றாம் வகுப்பு என்பதால் வகுப்பின்படி 246.4 வாட் வேண்டும். பகலில் ஒவ்வொன்றும் எடுத்ததோ 5 வாட். 80 வாட் செலவுக்கு 195 வாட் தாராளம் என்று முடிவு செய்து, உண்மைப் பயன்பாட்டு முறைக்கு மாற்றினேன். புதிய கருவி ஒன்றை ஏற்பதற்கு முன் இவ்வளவு மீதம் இருக்க வேண்டும் என்று சுவிட்ச் வைத்திருந்த காப்பு எல்லையையும், தடையாக இருக்கிறதே என்று 7 வாட்டாகக் குறைத்தேன். பகலில் நிறுவினேன், பகலில் சோதித்தேன், பகலிலேயே ஒப்படைத்துவிட்டும் வந்தேன்.

அன்று அந்தி சாய்ந்ததும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கின. ஒவ்வொரு கேமராவும் 12.4 வாட் எடுத்தது. பதினாறுக்கும் சேர்த்து 198.4 வாட் ஆனதும் சுவிட்ச் 16-ஆம் போர்ட்டின் மின்சாரத்தைத் துண்டித்தது. முன்னுரிமை சமமாக இருந்தால் பெரிய எண்ணுள்ள போர்ட்டை முதலில் கைவிடுவது பல சுவிட்சுகளின் வழக்கம். துண்டித்தவுடன் பயன்பாடு 186 வாட்டுக்கு இறங்கியது, 9 வாட் மீதமானது, அது 7-ஐ விட அதிகம் என்பதால் சுவிட்ச் அதே கேமராவுக்கு மீண்டும் மின்சாரம் கொடுத்தது. கேமரா விளக்கில்லாமல் 5 வாட்டில் எழுந்து நின்றது. எழுந்ததும் இருட்டைக் கண்டு விளக்கை ஏற்றியது. வரம்பு மீறப்பட்டு மறுபடியும் துண்டிக்கப்பட்டது. விடியும் வரை இதே சுழற்சி. பகலில் நான் போய்ப் பார்க்கும்போது எந்தக் குறையும் தென்படாது. கேமராவை இரண்டு முறை மாற்றினேன், கம்பியின் முனைகளைப் புதிதாக அமைத்தேன். கடைசியில் இரவில் அங்கேயே உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. பழி முழுவதையும் அந்தப் பதினாறாவது கேமரா சுமந்திருந்தது. அதற்கும் பிழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் நிலையில் 114 வாட் என்பது பகல் நேரத்து எண். அகச்சிவப்பு விளக்கு எரியும் இரவில், பி.டி.இசட். கேமராக்கள் சுழன்றுகொண்டிருக்க, அக்சஸ் பாயிண்டுகளில் கூட்டம் இருக்கையில் என்ன எண் வரும் என்பதே உங்களுக்கு வேண்டியது. பி.டி.இசட். கேமராவின் தரவுத்தாளை மறுபடியும் பாருங்கள். உறைபனியைத் தடுக்கும் சூடேற்றி அதில் இருந்தால், 24 வாட் என்பது சூடேற்றியைச் சேர்த்த எண்ணா, சேர்க்காத எண்ணா என்று கவனிக்க வேண்டும். சில தரவுத்தாள்களில் அது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்.

இன்னொரு நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மின்தடை நீங்கி மொத்த அமைப்பும் ஒரே நேரத்தில் உயிர்பெறும் தருணம் அது. எல்.எல்.டி.பி. பேச்சுவார்த்தை நடக்க வேண்டுமானால் கருவி முதலில் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதுவரை வகுப்புத் தொகையே பிடித்து வைக்கப்படும். ஆகவே சாதாரண நாளில் 330 வாட்டில் நிற்கும் ஒதுக்கீடு, மறுதொடக்கத்தின் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் 370-ஐத் தொட்டு, ஏதேனும் ஒரு கருவியைக் காத்திருக்க வைக்கலாம். பிறகு இடம் கிடைத்ததும் சுவிட்ச் தானாகவே மறுபடி முயன்று பார்க்கும். ஆனால் பொறுமையிழந்த ஒருவர் அதற்குள் கம்பியைப் பிடுங்கிச் செருகத் தொடங்கினால் கதையே மாறிவிடும். இதனால்தான் நான் எல்.எல்.டி.பி.யை மட்டும் நம்பாமல் போர்ட் வரம்பையே விரும்புகிறேன். அது மின்சாரம் வந்த நொடியிலிருந்தே நடைமுறையில் இருக்கும்.

போர்ட் முன்னுரிமையையும் இப்போதே அமைத்துவிடுங்கள். பெரும்பாலான சுவிட்சுகளில் மிக இன்றியமையாதது, உயர்வானது, தாழ்வானது என மூன்று நிலைகள் இருக்கும். ஆரம்பத்தில் எல்லா போர்ட்டுகளும் ஒரே நிலையிலேயே இருக்கும். என்னைக் கேட்டால், அவசர அழைப்புக்குப் பயன்படும் தொலைபேசியும் வாயில் கேமராவும் முதல் நிலையில் இருக்க வேண்டும். எல்லாமே முக்கியம் என்று அத்தனையையும் முதல் நிலையில் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்; அப்போது முடிவெடுக்கும் பொறுப்பு போர்ட் எண்ணுக்குப் போய்விடுகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மறுமொழி 2-இல் சொல்லப்பட்ட பதினாறாவது கேமராவின் கதையைப் படித்தபோது சற்றே நடுங்கிவிட்டேன். நானும் இன்று மதியம் அந்த அமைப்பை மாற்ற இருந்தேன்.

போர்ட் வரம்பு முறையையே பின்பற்ற முடிவு செய்திருக்கிறேன். ஆனால் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சுவிட்ச் 15.4 வாட் கொடுக்கிறது, கருவிக்கு 12.95 வாட்தான் சேர்கிறது என்றால் நடுவில் உள்ள 2.45 வாட் முழுவதும் கம்பியிலேயே கரைகிறதா? எங்கள் அக்சஸ் பாயிண்டுகள் சுவிட்சிலிருந்து 20 மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் அதே இழப்பைக் கணக்கிட வேண்டுமா? அடுத்து, இந்தச் சுவிட்சுக்கு இரண்டு மணி நேரம் தாங்கும் யு.பி.எஸ். தேவைப்படுகிறது. அதன் அளவை 370 வாட்டுக்கு நிர்ணயிப்பதா, 340-க்கா, அல்லது உண்மைப் பயன்பாட்டுக்கா? சுவிட்ச் தனக்கென 45 வாட் எடுத்துக்கொள்வதாகத் தரவுத்தாள் கூறுகிறது.

மறுமொழி 3

இழப்பைப் பற்றிய கேள்விக்கு விடை எளிய ஓம் விதியில் இருக்கிறது. ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் இந்த எண்கள் மறக்காது. 2003-இல் வந்த 802.3 ஏஎஃப் தரம், சுவிட்ச் முனையில் குறைந்தபட்சம் 44 வோல்ட் இருக்கும் என்றும், சென்று திரும்பும் கம்பியின் மின்தடை அதிகபட்சம் 20 ஓம் என்றும் வைத்துக்கொள்கிறது. 15.4 வாட்டை 44-ஆல் வகுத்தால் 0.35 ஆம்பியர். அதன் வர்க்கத்தை 20-ஆல் பெருக்கினால் 2.45 வாட். மிச்சம் 12.95. 2009-இன் 802.3 ஏடி தரத்தில் 50 வோல்ட், 0.6 ஆம்பியர், 12.5 ஓம், இழப்பு 4.5 வாட், மிச்சம் 25.5. 2018-இல் வந்த 802.3 பிடி தரம் கம்பிக்குள் இருக்கும் நான்கு இணை இழைகளிலும் மின்சாரம் செலுத்துவதால் மின்தடை பாதியாகி 6.25 ஓம் ஆகிறது. அதன் எட்டாம் வகுப்பில் 90 வாட் புறப்பட்டு 71.3 வாட் போய்ச் சேருகிறது.

ஆகவே தரத்தில் உள்ள இழப்பு என்பது 100 மீட்டர் கம்பி, மிகக் குறைந்த மின்னழுத்தம், முழுச் சுமை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த மிக மோசமான நிலைக்கானது. நடைமுறையில் சுவிட்சுகள் 53 வோல்ட்டுக்கும் மேல் கொடுப்பது வழக்கம்; மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும், இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துச் சரியும். 20 மீட்டரில் உள்ள உங்கள் அக்சஸ் பாயிண்டுக்கு 21 வாட் போய்ச் சேர, கம்பியில் அரை வாட் அளவே இழப்பாகும். 90 மீட்டர் தொலைவில் உள்ள பி.டி.இசட். கேமராவுக்கோ ஏறத்தாழ இரண்டரை வாட் வரை போகலாம். தொலைவு குறைந்த போர்ட்டுகளில் வரம்பை இறுக்கமாகவும், தொலைவு மிகுந்தவற்றில் தளர்வாகவும் அமைப்பதில் தவறில்லை.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் தூய செம்புக் கம்பிக்கே பொருந்தும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கம்பிகள் ஈதர்நெட் கம்பிகளுக்கான தரங்களுக்கு உட்பட்டவை அல்ல; அவற்றின் மின்தடை குறிப்பிடத்தக்க அளவு கூடுதல், ஆகவே இழப்பும் சூடும் கூடுதல். வெப்பமான கூரையடியில் செல்லும் செம்புக் கம்பிக்கும் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் என்ற வீதத்தில் மின்தடை ஏறும். 20 பாகை கூடினால் 8 சதவீதம். பல கம்பிகளைத் தடித்த கட்டாகக் கட்டியிருந்தால் நடுவில் உள்ளவற்றின் சூடு வெளியேற வழியிருக்காது. உங்கள் அளவில் இது பெரிய கவலை அல்ல. 60, 90 வாட் கருவிகள் வரும்போது கவலைதான்.

இனி யு.பி.எஸ். இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். யு.பி.எஸ். எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்பது ஒன்று, அதன் மின்கலம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு மிக மோசமான எண்ணை எடுங்கள். போர்ட் வரம்புகளின் கூட்டுத்தொகை 340, சுவிட்சின் சொந்தத் தேவை 45, ஆக 385 வாட். சுவிட்சின் மின்வழங்கியின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால் சுவரிலிருந்து அது இழுப்பது 428 வாட். 370 வாட் முழுவதும் ஒருநாள் பயன்படக்கூடும் என்றால் இதே கணக்கில் 461 வாட் வரும். யு.பி.எஸ். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வோல்ட்-ஆம்பியர் எண்ணை வைத்துக் கணக்கிடாமல், அதன் வாட் அளவைத் தேடிப் பிடியுங்கள். 600 என்று எழுதியிருப்பது 360 வாட் மட்டுமே கொடுப்பதாக இருக்கலாம்.

மின்கலத்துக்கு இரவு நேர உண்மைச் சுமையை எடுக்கலாம். கருவிகளின் உச்சத் தேவையான 270 வாட்டுடன் கம்பி இழப்பாக 15 வாட்டைச் சேர்த்தால் 285. சுவிட்சின் 45-ஐயும் கூட்டி 90 சதவீதத்தால் வகுத்தால் 367 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 734 வாட்-மணி. யு.பி.எஸ்.இன் மாற்றுத் திறன் 88 சதவீதம் என்றால் 834. மின்கலம் பழையதாகி 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கிய பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால் ஏறத்தாழ 1,040 வாட்-மணி. ஈய-அமில மின்கலங்களில் அச்சிடப்பட்டிருக்கும் கொள்ளளவு பொதுவாக 20 மணி நேரத்தில் மெல்லத் தீர்ப்பதற்கானது. இரண்டு மணி நேரத்தில் உறிஞ்சினால் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே கிடைக்கும். அதற்கு உற்பத்தியாளர் தரும் மின்னிறக்க அட்டவணையைப் பாருங்கள். அடிக்கடி விடுபடுவது இந்தப் படிதான். இரண்டு மணி நேரத்துக்கு என்று வாங்கியது எழுபது நிமிடத்தில் அடங்கிவிட்டதே என்று வருந்துவதும் இதனால்தான்.

சுவிட்சைத் தாங்கும் அடுக்குச் சட்டமான ரேக்கின் வெப்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். 367 வாட் உள்ளே போகிறது என்பதற்காக 367 வாட் சூடும் அந்த அறையிலேயே தங்குவதில்லை. 285 வாட் கம்பி வழியாக வெளியேறி, கேமராவிலும் அக்சஸ் பாயிண்டிலும், சிறிதளவு வழியிலும் சூடாக மாறுகிறது. அறையில் தங்குவது 82 வாட். குளிரூட்டிகளின் மொழியில் மணிக்கு 280 பி.டி.யு. முழு எண்ணையும் கொடுத்துவிட்டுத் தேவைக்கு மீறிய குளிரூட்டியைப் பொருத்திய அறைகளும் உண்டு.

மறுமொழி 4

740 வாட் சுவிட்ச் தேவையில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டதால், மறுபக்கத்துக்காகவும் யாரேனும் பேச வேண்டும். இன்றைய 22 கருவிகளுக்கு 370 வாட் போதும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. அடுத்து நீங்கள் மாற்றப் போவது அக்சஸ் பாயிண்டுகளாகத்தான் இருக்கும். புதிய தலைமுறை அக்சஸ் பாயிண்டுகளில் பல, முழுத் திறனுடன் இயங்க 25.5 வாட்டுக்கும் மேல் கேட்கின்றன. ஐந்தாம் வகுப்புக்கு 45 வாட்டும், ஆறாம் வகுப்புக்கு 60 வாட்டும் சுவிட்ச் முனையில் ஒதுக்க வேண்டும். உங்கள் 802.3 ஏடி சுவிட்சில் செருகினால் அவை இயங்கும். ஆனால் ஒரு ரேடியோவை அணைத்தோ, யு.எஸ்.பி. போர்ட்டை முடக்கியோ, வேகத்தைக் குறைத்தோ இயங்கும். ஒதுக்கீட்டில் பிழை எதுவும் தெரியாது, வைஃபை மட்டும் மந்தமாக இருக்கும். இவ்வகைக் குறையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஏனெனில் புகார் மின்சாரத்தைப் பற்றி வராது.

அப்படியே பெரியதை வாங்கினாலும், 740 என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு மின்வழங்கிகள் உள்ள சுவிட்சுகளில், இரண்டும் சேர்ந்து பட்ஜெட்டைக் கொடுக்கும் முறை ஒன்று, ஒன்று பழுதானால் மற்றது தாங்கும் முறை ஒன்று என இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் 700 வாட்டுக்குத் திட்டமிட்டுவிட்டு, ஒரு மின்வழங்கி போனதும் பாதிக் கருவிகள் அணைவதைக் கண்டு திகைத்தவர்களை அறிவேன். மாற்று மின்வழங்கி இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாங்கினால், பட்ஜெட்டை ஒரே ஒரு மின்வழங்கியின் அளவுக்குள் அடக்க வேண்டும். சில மாதிரிகளில் அதிக வாட் தரும் போர்ட்டுகள் முதல் எட்டு மட்டுமே. மொத்த பட்ஜெட்டில் தாராளம் இருந்தும் உரிய போர்ட் இல்லாமல் போகும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். இருக்கும் சுவிட்சைப் போர்ட் வரம்புகளுடன் வைத்துக்கொள்ளுங்கள். அக்சஸ் பாயிண்டுகளை மாற்றும் நாளில் அவற்றுக்கென்று 802.3 பிடி தரத்தில் எட்டு போர்ட் சிறிய சுவிட்ச் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அப்போது இதில் 120 வாட் விடுபட்டுவிடும். அந்தத் தரத்தில் தானியங்கி வகுப்பு என்ற வசதியும் உண்டு. கருவி எழுந்த முதல் சில வினாடிகளில் தன் உச்சச் சுமையை எடுத்துக் காட்ட, சுவிட்ச் அதை அளந்து ஒதுக்கீட்டை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். இரு முனைகளும் அதை ஆதரிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கேள்வி கேட்டவர்

நான்கு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சொன்னபடி கேமரா போர்ட்டுகள் அனைத்துக்கும் 11 வாட் வரம்பிட்டேன், இரண்டாவது பி.டி.இசட். கேமரா உடனே இயங்கியது. அன்று இரவு காத்திருக்கப் பொறுமையில்லாமல், மாலையிலேயே எல்லாக் கேமராக்களையும் மென்பொருள் வழியாக இரவு நிலைக்கு மாற்றினேன். பத்துக் கேமராக்கள் அமைதியாக இருந்தன, வாயிலில் உள்ள இரண்டு அணைந்துவிட்டன. வரம்பு மீறல் என்று பதிவேடு சொன்னது.

பதற்றத்துடன் ஏணியில் ஏறிப் பார்த்தால், அந்த இரண்டும் வேறு மாதிரி. வெகுதூரம் ஒளி வீசும் வகை, ஒட்டுச்சீட்டில் 12 வாட் என்று இருக்கிறது. கொள்முதல் பட்டியலில் பன்னிரண்டும் ஒரே வரியில் இருந்ததால் ஒரே மாதிரி என்று எண்ணியிருந்தேன். கம்பி இழப்பையும் காப்பையும் சேர்த்து அந்த இரண்டு போர்ட்டுகளுக்கு 14 வாட் கொடுத்தேன். இப்போது மொத்த ஒதுக்கீடு 346 வாட், மீதம் 24.

பிறகு ஒரு விடுமுறை நாளில் சுவிட்சின் மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து இரவு நிலையிலேயே மீண்டும் கொடுத்தேன். இருபத்திரண்டு கருவிகளும் எவரும் தொடாமலே எழுந்தன. பி.டி.இசட். கேமராக்கள் இரண்டும் சுழன்றுகொண்டிருந்தபோது திரையில் நான் கண்ட உச்சப் பயன்பாடு 234 வாட். பி.டி.இசட். கேமராவின் அடிக்குறிப்பையும் படித்துவிட்டேன். 24 வாட் என்பது சூடேற்றியையும் சேர்த்த எண்தான். தொலைபேசிகள் நான்கையும் வாயில் கேமராக்கள் இரண்டையும் முதல் முன்னுரிமையில் வைத்து, முதல் ஆறு போர்ட்டுகளுக்கு மாற்றியிருக்கிறேன். யு.பி.எஸ்.இன் வாட் அளவை எழுத்தில் தருமாறு விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இதுவரை வோல்ட்-ஆம்பியரிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.